வெண்பிட்டிப் பற்றைக்காட்டில் ஒன்பது நாள்

வெண்பிட்டியிலிருந்து வந்த உறையைப் பிரித்தபோது கடிதத்தோடு ஒரு காகிதப் பொட்டலமும் விழுந்தது. உள்ளே வெள்ளை மணல், மாவு போல மெல்லியது. எழுதியவர் அந்த ஊர்ப் பிள்ளையார் கோயிலின் மனேச்சர். யாழ்ப்பாணத்தில் கோயில் நிலபுலங்களைப் பார்த்துக்கொள்பவரை அப்படித்தான் சொல்வார்கள். பெயர் அருளம்பலம், ஓய்வு பெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். எங்கள் திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரிக்காட்டைப் பற்றி நான் ஒரு மாதப் பத்திரிகையில் எழுதியிருந்ததைப் படித்திருக்கிறார். “உங்கள் மணல் சிவப்பு, எங்கள் மணல் வெள்ளை. இரண்டும் ஊரைத் தின்கிற மணல்தான். ஒருமுறை வந்து பார்த்துச் சொன்னால் பேருதவி” என்று முடித்திருந்தார்.

கல்லூரியில் மற்ற ஆசிரியைகளுக்குச் சிரிப்பு. “மணல் பார்க்கவா கடல் தாண்டிப் போறே?” என்றார்கள். பாளையங்கோட்டையில் பெண் பிள்ளைகளுக்குத் தாவரவியல் சொல்லிக்கொடுப்பவள் நான். நாற்பத்திரண்டு வயதாகியும் ராமேஸ்வரத்துக்கு அந்தப் பக்கம் போனதில்லை. பத்து நாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினேன்.

பருத்தித்துறையில் ஏறிய வாடகைக் கார் ஊருக்கு ஒரு மைல் இருக்கும்போதே மணலில் மூன்று முறை புதைந்தது. முதல் இரண்டு தடவை ஓட்டுநர் இறங்கித் தள்ளினார். மூன்றாவது தடவை இறங்கவில்லை. என்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்ற வைத்துக்கொண்டு, “இது காருக்குப் போட்ட றோட்டு இல்லை அம்மா, மாட்டு வண்டிலுக்குப் போட்டது. இருங்கோ, மனேச்சர் ஐயா பலகையோடை வருவார்” என்றார்.

அவர் சொன்னபடியே, வேட்டியை மடித்துக் கட்டிய நெடிய மனிதர் ஒருவர் தலையில் இரண்டு பலகைகளோடு வந்தார். பலகைகளைக் கீழே போட்டுவிட்டு முதலில் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாப்பது நிமிசம் பிந்திப்போச்சு. பறவாயில்லை, வாங்கோ ரீச்சர்” என்றார். டீச்சர் அங்கே ரீச்சர். ரயில்களை அனுப்பிய பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அன்றைக்கு அவர் மனைவி மனோன்மணி அம்மா போட்ட சாப்பாடு குழல் பிட்டு, முருங்கையிலை வறை, சொதி. எங்கள் பக்கம் சொதி என்றால் கல்யாணத்துக்கு மறுநாள் மாப்பிள்ளை விருந்தில் பரிமாறுவது. இங்கே அது தினப்படி. “இவங்களுக்குத் தினமும் கல்யாணம்தான்” என்று நான் சொல்ல, அம்மா சிரித்துக்கொண்டே இன்னொரு அகப்பை ஊற்றினார். சீனிக்குத் தட்டுப்பாடு இருந்த காலம். தேநீரைக் கசப்பாகவே கொடுத்து, கடித்துக்கொள்ள ஒரு துண்டு பனங்கட்டி கொடுத்தார்கள். எங்கள் கருப்பட்டிதான். ஆனால் இங்கே அதைச் சின்னஞ்சிறு ஓலைக் குட்டானில் ஊற்றி உறைய வைக்கிறார்கள். எங்களுக்குச் சிரட்டை போதும்.

மறுநாள் காலையில் மனேச்சர் என்னை நிலத்துக்குக் கூட்டிப்போனார்.

ஊர் கடலோரமாக இருக்கிறது. ஊருக்குப் பின்னால் தென்மேற்கே நீளமாக ஒரு மணற்பிட்டி, எங்கள் சொல்லில் மணல்மேடு. பிட்டி முழுக்கக் கோயில் நிலம். ஒரு காலத்தில் அது ஆள் நுழைய முடியாத பற்றைக்காடு. பற்றை என்றால் புதர். வைகாசியிலிருந்து புரட்டாசி வரை அடிக்கும் சோளகக் காற்று அந்தக் காட்டில் மோதி அடங்கிவிடுமாம். இப்போது அங்கே பாதி மொட்டை மணல், மீதி நாயுண்ணிப் புதர். எங்கள் உண்ணிச்செடிதான், அதே காரமான வாடை, அதே ஆரஞ்சுப் பூ. பிட்டியின் அடிவாரத்தில் ஊரின் ஒரே நல்ல தண்ணீர்க் கிணறு. மற்றக் கிணறுகளில் எல்லாம் உப்பு. சரிந்து வந்த மணல் அந்தக் கிணற்றிலிருந்து இருபது அடிக்குள் நின்றுகொண்டிருந்தது.

“உந்தக் கிணறு மூடுப்பட்டால் ஊர் எழும்பிப் போக வேண்டியதுதான்” என்றார் மனேச்சர். “ஏழு குடும்பம் ஏற்கெனவே போயிட்டுது.”

“காடு எப்படி அழிஞ்சது?”

அவர் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி விட்டார். பிறகு, “குழைக்கு” என்றார். தோட்டத்து மண்ணில் எருவாகப் புதைக்கிற தழையைத்தான் அங்கே குழை என்பார்கள். வெளியிலிருந்து மிளகாய் வருவதை அரசாங்கம் நிறுத்தியிருந்த காலம் அது. வலிகாமம் என்கிற உட்பகுதி ஊர்களில் வீட்டுக்கு வீடு மிளகாய்த் தோட்டம். அத்தனை தோட்டத்துக்கும் தழை வேண்டும். வண்டில் வண்டிலாக வந்து வெட்டினார்கள். வெட்டியவர்களில் முதல் ஆள் மனேச்சரின் தங்கை புருஷன், சண்டிலிப்பாய் நடராசா.

“சரி, நடந்தது நடந்திட்டுது” என்றார். “நாளைக்கு, திங்கட்கிழமை, ட்ரக்டர் வருது. எல்லாத்தையும் வழிச்செறிஞ்சுபோட்டு வரிசையாச் சவுக்கு நடப்போறம். எத்தினை அடிக்கு ஒண்டு நடுறதெண்டு நீங்கள் சொன்னால் காணும்.”

கடல் தாண்டி வந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. முடிவு எடுத்தாகிவிட்டது. எத்தனை அடி என்று சொல்ல மட்டும் நான்.

பிட்டியின் நடுவே, ஒரு வைரவர் சூலத்தைச் சுற்றி மட்டும் அரை ஏக்கர் காடு மிஞ்சியிருந்தது. வைரவருக்குப் பயந்து யாரும் அங்கே கத்தி வைக்கவில்லை. நான் குனிந்து உள்ளே போனேன். பாவட்டை, காரை, விராலி, ஈச்சை, மேலே முள்ளாகப் படர்ந்த சூரை. வெளியே காதை அடைக்கிற காற்று. உள்ளே ஓர் இலைகூட ஆடவில்லை. தரையைக் கிளறினேன். மேலே சருகு, கீழே கறுத்த ஈர மண். என் தேரிக்காட்டில் பத்து வருஷம் தேடியும் இப்படி ஒரு துண்டு எனக்குக் கிடைத்ததில்லை. அங்கே எல்லாம் போன பிறகுதான் நாங்கள் விழித்துக்கொண்டோம்.

வெளியே வந்து மனேச்சரிடம், “ஐயா, ட்ராக்டர் வேண்டாம். இங்கேருந்து இந்தக் காடு தானா வெளியே நடந்து வரும். நாம வழியை மட்டும் விட்டுக்கொடுக்கணும்” என்றேன். அவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அன்று மாலை மனோன்மணி அம்மாவிடம், “நாளைக்கு ஊர்ப் பொம்பளைங்ககிட்ட நான் கொஞ்சம் பேசணும்” என்றேன். அம்மா கையிலிருந்த சுளகைக் கீழே வைத்துவிட்டார். “ஏன் பிள்ளை பேசப்போறியள்? அதுகள் என்ன பிழை செய்ததுகள்?” அங்கே பேசுவது என்றால் திட்டுவது. நான் சொல்லியிருக்க வேண்டியது கதைப்பது. அம்மாவுக்கு விளக்கிச் சொல்லிவிட்டேன். ஆனால் அடுப்படியில் நின்ற யாரோ அதற்குள் செய்தியை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மூன்றாம் நாள் காலை நான் கிணற்றடிக்குப் போனபோது பதினைந்து பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவள் தங்கமலர். மெலிந்த, வெயிலில் கறுத்த பெண், முப்பத்தைந்து இருக்கும். புருஷன் கடலுக்குப் போகிறவன்.

“நீங்களோ எங்களைப் பேச வந்தது?” என்றாள். “விறகுக்கு நாங்கள் நாயுண்ணியைத்தான் முறிக்கிறம். பச்சைக் கொப்பிலை கை வைச்சதில்லை. பேசுறதெண்டால் குழை வெட்டுறவையைப் போய்ப் பேசுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வந்தது. மன்னிப்புக் கேட்டு, எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள் என்று விளக்கினேன். பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரித்தார்கள். தங்கமலர் மட்டும் கடைசியாகச் சிரித்தாள்.

“நாயுண்ணியை எப்படி எடுப்பீங்க?” என்று கேட்டேன்.

“ஈரமான நாளிலை அடியிலை பிடிச்சு மெள்ள இழுத்தால் வேரோடை வரும். வெட்டினால் இரட்டிப்பா முளைக்கும்.” பிறகு என்னை ஒரு பற்றைக்கு அழைத்துப்போய் முள்ளை விலக்கிக் காட்டினாள். “இஞ்சை பாருங்கோ. உந்தச் சூரை முள்ளுக்கை ஆடு வாய் வையாது. அதுக்கைதான் மற்றதுகள் முளைக்கிறது. பாவட்டைக் கண்டு எத்தினை நிக்குது பாருங்கோ. நாயுண்ணி மூடினால் இதுகள் செத்துப்போம்.”

நான் வகுப்பில் ஒரு வாரம் நடத்துகிற பாடம் அது. அவள் தண்ணீர் அள்ள வந்த இடத்தில் சொல்லி முடித்தாள். அந்த ஊரில் நிலம் ஒருவர் கையில் இருந்தது, நிலத்தைப் பற்றிய அறிவு வேறொருவர் கையில் இருந்தது. இருவரும் நேருக்கு நேர் உட்கார்ந்து கதைத்ததே இல்லை.

சொன்னபடி அன்றைக்கே ட்ராக்டரும் வந்தது. நான் மனேச்சரிடம் மறுபடி கேட்டேன். அவர் சங்கடப்பட்டார். “வாக்குக் குடுத்திட்டன் ரீச்சர். ஊர் முழுக்க அறிஞ்ச விசயம். ஒரு துண்டு வழிச்சுப் பாப்பம். பேந்து யோசிப்பம்.” கிணற்றுக்கு நேர் மேலே, பிட்டியின் சரிவில் ஓர் அகலமான துண்டை மதியத்துக்குள் வழித்துப்போட்டார்கள். நாயுண்ணியும் போனது, அதனிடையே ஒட்டிக்கொண்டிருந்த சூரையும் ஈச்சையும் போயின. பார்ப்பதற்குச் சுத்தமாக, விளக்கிய தாம்பாளம் போல இருந்தது. மனேச்சருக்குத் திருப்தி. நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டேன். என் வார்த்தைக்கு அந்த ஊரில் எடை இல்லை என்று நினைத்தபோது பெட்டியைக் கட்டிவிடலாமா என்றுகூட இருந்தது.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் சோளகம் எழும்பியது. அந்தக் காற்றை நான் மறக்க மாட்டேன். வழித்த துண்டிலிருந்து மணல் புகை போலக் கிளம்பி நேரே இறங்கியது. நான் முகத்தைச் சேலையால் மூடிக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினேன். பெண்கள் ஏற்கெனவே அங்கே நின்றார்கள். கிணற்றைப் பாயால் மூட முயன்றார்கள், பாய் இரண்டு முறை கையை விட்டுப் பறந்தது. கிணற்றுக் கட்டின் ஒரு பக்கம் முழங்கால் உயரத்துக்கு மணல் ஏறியிருந்தது. உள்ளே விழுவது சத்தமாகவே கேட்டது.

மனேச்சர் வந்து நின்றார். தங்கமலர் ஒரு வாளி தண்ணீர் அள்ளி அவர் காலடியில் வைத்தாள். அவர் குனிந்து கையை விட்டார். அடியில் நாலு விரல் மணல். வாளிக்குப் பக்கத்திலேயே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

“பிழை என்ரைதான்” என்றார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, “இப்ப என்ன செய்யலாம் ரீச்சர்?”

“தங்கமலரையும் கேளுங்க” என்றேன்.

அவர் கேட்டார். ஊர்ப் பெண்கள் முன்னால், கிணற்றடியில் வைத்துக் கேட்டார். தங்கமலர் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். பிறகு மளமளவென்று சொன்னாள். வழித்துப்போட்ட நாயுண்ணியையே கொண்டுவந்து மணலின் மேல் போர்த்த வேண்டும், வேரோடு பெயர்ந்து வெயிலில் கிடக்கிறதுதானே, இனி முளைக்காது. அதற்கு மேலே பனை ஓலையை நட்டு வேலி மாதிரி நிறுத்த வேண்டும். கடற்கரையில் வாடி என்கிற மீன்பிடிக் குடிசை போடும்போது அவர்கள் அப்படித்தான் மணலை மறிப்பார்களாம். நான் சேர்த்துச் சொன்னது ஒன்றுதான்: ஓலை வரிசை காற்றுக்குக் குறுக்கே இருக்கட்டும், ஒன்றன் பின் ஒன்றாகப் பல வரிசை. தேரியில் நாங்கள் தவறு செய்து கற்றுக்கொண்ட பாடம் அது.

புதன்கிழமை ஊரே பிட்டியில் நின்றது. கடலுக்குப் போக வேண்டிய ஆண்களும் அன்று போகவில்லை. மனேச்சர் தன் வீட்டு வளவில் பதினாறு பனையில் ஓலை வெட்டச் சொன்னார். மதியம் மனோன்மணி அம்மா பெரிய கிடாரத்தில் பனங்கிழங்கு மாவு போட்டு ஒடியல் கூழ் காய்ச்சிக் கொண்டுவந்தார். பலாவிலையை மடித்துக் குடித்தோம். மிளகாய்க் காரத்தில் என் கண் வழிந்ததைப் பார்த்து ஒரு கிழவர், “இந்தியாவிலை உறைப்பு இல்லையோ?” என்று அக்கறையாகக் கேட்டார். மாலையில் மறுபடி காற்று வந்தது. ஓலை படபடத்தது. மணல் முதல் வரிசையில் ஏறியது, இரண்டாவதில் குறைந்தது, மூன்றாவதைத் தாண்டவில்லை.

அடுத்த நாள் வைரவர் சூலத்தின் ஓரத்தில் களை பிடுங்கத் தொடங்கினோம். ஆண்களில் ஒருவருக்கு இது புரியவில்லை. பிட்டியின் மறுகோடியைக் கையால் காட்டினார். “அந்தத் தொங்கலிலை நாயுண்ணி மலை மாதிரிக் கிடக்குது. இஞ்சை நாலு செடி. ஏன் இஞ்சை துவங்கிறியள்?” நல்ல இடத்திலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று சொன்னேன். பிடுங்கிய இடத்தை மூடக் காட்டுச் செடிகள் பக்கத்திலேயே நிற்கின்றன. அவை ஒரு முழம் நகர்ந்த பிறகுதான் நாம் அடுத்த முழம் நகர வேண்டும். மொட்டையாக விட்ட இடம் காற்றுக்கும் களைக்கும் சொந்தம். “அப்ப எத்தினை வருசம் எடுக்கும்?” என்றார். “காடு சொல்லும்” என்றேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டார். தங்கமலர் அதற்குள் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

இனி மிஞ்சியிருந்தது குழை. வண்டில்கள் மறுபடி வந்தால் செய்தது எல்லாம் வீண். ஏழாம் நாள் மனேச்சரும் நானும் சண்டிலிப்பாய்க்குக் கிளம்பினோம். பஸ் மருதனார்மடம் சந்தியில் ஒரு பெருமூச்சோடு நின்றுவிட்டது. சாரதி இறங்கி முன்மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார். “கெதியா வெளிக்கிடுமோ?” என்று ஒருவர், சீக்கிரம் கிளம்புமா என்ற பொருளில், கேட்டதற்கு, “வெளிக்கிட்டால் கெதியாப் போகும்” என்றார். காத்திருந்தோம். கடையில் வாங்கிய சுடுவடையைச் சாப்பிட்டபடி நான் வேலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் எனக்கு அலுக்காத காட்சி அதுதான். எங்கள் ஊரில் சுவர் இல்லாத வீட்டுக்குள் யார் ஆடு வேண்டுமானாலும் வரும். இங்கே கிளுவையும் பூவரசும் முள்முருங்கையும் கைகோர்த்து நிற்க, ஒழுங்கை என்கிற சந்துக்குச் சந்து பச்சைச் சுவர். கடைசியில் சந்தையிலிருந்து திரும்பிய ஒரு வெங்காய வண்டிலில் ஏறி, சாக்குகளின் மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம்.

நடராசா நல்ல மனிதர். கட்டை குட்டையாக, காதில் கடுக்கனோடு, மச்சானைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

“மச்சான், குழை தாழ்க்காமல் இந்த மண்ணிலை மிளகாய் நிக்குமோ? எனக்கு நாலு பிள்ளையள். நீர் உம்மடை மணலைப் பாக்கிறீர். நான் என்ரை தோட்டத்தைப் பாக்க வேண்டாமோ?”

“இந்த வருசம் ஒரு கொப்பு வெட்ட விடமாட்டன் நடராசா. மற்றவையை மறிச்சுப்போட்டு உம்மை விட்டால் நான் மனேச்சர் இல்லை.”

“அப்ப நான் உங்களுக்கு ஆரோ ஒரு ஆள்.”

மனேச்சரின் தங்கை கதவோரம் நின்று சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தார். அண்ணனும் புருஷனும் இனிமேல் முகம் பார்க்காமல் போய்விடுவார்களோ என்ற பயம் அவர் கண்ணில் இருந்தது. எனக்கும் அங்கே உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து வெளியே நடந்தேன். தோட்டத்துக்கு அப்பால் அறுவடை முடிந்து சும்மா கிடந்த வயல். வரப்போரத்தில் ஊதாப் பூவோடு ஒரு செடி.

“இது கொழுஞ்சி இல்லையா?” என்று திரும்பிக் கேட்டேன்.

“அது காவிளாய்” என்றார் நடராசா, கோபம் மாறாமல்.

“எங்க பக்கம் இதைச் சும்மா கிடக்கிற வயல்லே விதைச்சு, பூக்கிறப்ப மடக்கி உழுதுடுவாங்க. நீங்க வெட்டிட்டு வர்ற குழை எல்லாம் இது தரும். வண்டி கட்டிக்கிட்டு எங்கேயும் போக வேண்டாம்.”

“நான் ஒருக்கால் விதைச்சுப் பாத்தனான். முளைக்கேல்லை. அது தானா முளைச்சால்தான் உண்டு.”

“அப்படியே விதைச்சா முளைக்காது. தோல் கல்லு மாதிரி. உரல் இருக்கா?”

அவருடைய மகள்கள் முற்றிய நெற்றுகளைப் பறித்து வந்தார்கள். பாதி விதையை உரலில் ஒரு பிடி மணலோடு போட்டு, நசுங்காமல் மெதுவாக இடித்தேன். இடித்ததை ஒரு கோப்பைத் தண்ணீரிலும், இடிக்காததை இன்னொரு கோப்பையிலும் போட்டு வைத்தேன். பிறகு சாப்பிட்டோம். கத்தரிக்காய்க் குழம்பு, கீரைக்கடையல், பாகற்காய்ப் பொரியல். மச்சான்மார் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்னேரத் தேநீர் வந்தபோதுதான் நடராசா எழுந்துபோய்க் கோப்பைகளைப் பார்த்தார். இடிக்காதது அப்படியே கடுகு போலக் கிடந்தது. இடித்தது ஊதி இரண்டு மடங்காகியிருந்தது. ஒன்றை எடுத்து நகத்தால் கிள்ளினார். உள்ளே பச்சை.

வெகுநேரம் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, “மழைக்கு முன்னம் விதைக்க வேணும், என்ன?” என்று என்னைக் கேட்டார். ஓம் என்றேன். என்னையறியாமல் அவர்களுடைய ‘ஆமாம்’ வந்துவிட்டது. மனேச்சரைப் பார்த்து, “ஒரு வருசம் பாப்பன் மச்சான். சரி வந்தால் சந்தையிலை நிண்டு மற்றவைக்கும் நானே சொல்லுறன்” என்றார். தங்கை உள்ளே போய் இன்னும் இரண்டு பனங்காய்ப் பணியாரம் கொண்டுவந்து அண்ணன் தட்டில் வைத்தார்.

எட்டாம் நாள் கோயில் மண்டபத்தில் நிர்வாக சபை கூடியது. ஐந்து ஆண்கள். பெண்கள் வெளிவீதியில் நின்றார்கள். மணலை யார் பார்ப்பது, களையை யார் எடுப்பது என்ற பேச்சு வந்ததும் மனேச்சர் வெளியே பார்த்துக் கூப்பிட்டார். “தங்கமலர், உள்ளுக்கு வா. அங்கை நிண்டு சொன்னால் இவைக்குக் கேக்காது.”

சபையில் ஒருவர் இருமினார். “இதென்ன புதுப் பழக்கம்?” என்றார் இன்னொருவர்.

“கிணத்தை மூடினது நான்” என்றார் மனேச்சர். “திறந்தது அவள். பழக்கத்தைப் பற்றி வேறை ஆரும் கதைக்கிறதெண்டால் கதைக்கலாம்.”

தங்கமலர் படியேறி வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் இரண்டு வாக்கியம் நடுங்கியது. மூன்றாவதிலிருந்து நடுக்கம் இல்லை. எந்தப் பக்கம் எப்போது ஆடு மறிக்க வேண்டும், எந்தப் பற்றையை மூன்று மாரிக்குத் தொடக்கூடாது, பெண்கள் எந்த நாளில் களைக்கு வர முடியும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருமியவரே கடைசியில், “அப்ப பொறுப்பை இந்தப் பிள்ளையிட்டையே குடுப்பம்” என்றார். ஒன்பதாம் நாள் நான் கிளம்பினேன்.

மாரி மழை முடிந்து மனேச்சரிடமிருந்து இரண்டு கடிதங்கள் வந்தன. ஆனாலும் காற்றில் பார்க்காமல் நம்புவதில்லை என்று வைத்திருந்தேன். அடுத்த ஆனியில், சோளகம் முழு வேகத்தில் இருந்தபோது, மறுபடி வெண்பிட்டிக்குப் போனேன்.

நேரே பிட்டிக்குத்தான் நடந்தேன். கண்ணை மூடிக்கொள்ளத் தயாராகச் சேலைத் தலைப்பைக் கையில் பிடித்திருந்தேன். தேவைப்படவில்லை. ட்ராக்டர் வழித்த துண்டில் ஓலை வரிசைகள் மக்கிச் சாய்ந்திருந்தன. அவற்றின் மேல் அடம்பன் கொடி ஊதாப் பூவோடு சரிவு முழுக்கப் படர்ந்து மணலைக் கட்டிப் பிடித்திருந்தது. வைரவர் சூலத்திலிருந்து காடு நாலு பக்கமும் வெளியே வந்திருந்தது. பாவட்டைக் கன்றுகள் என் இடுப்பளவு. எண்ணிப் பார்க்கத் தொடங்கி விட்டுவிட்டேன். தொங்கலில் இருந்த நாயுண்ணிக் கூட்டம் மூன்றில் ஒரு பங்காவது குறைந்திருந்தது. கிணற்றைச் சுற்றி ஒரு பிடி புது மணல் இல்லை. எழும்பிப் போன ஏழு குடும்பத்தில் நாலு திரும்பி வந்துவிட்டதாக மனோன்மணி அம்மா சொன்னார்.

நடராசா எனக்காக ஒரு மூட்டை மிளகாயோடு வந்து காத்திருந்தார். வயல் முழுக்கக் காவிளாய் விதைத்து உழுததாகவும், சண்டிலிப்பாயில் இன்னும் பத்துப் பேர் விதை கேட்டு வந்ததாகவும் சொன்னார். “உரல் இடிக்கிறதுக்கு வீட்டிலை ஒரே சத்தம் ரீச்சர்” என்றார்.

மறுநாள் காலை களை பிடுங்கும் முறை. பெண்கள் கூடிய நேரத்தில் ஒரு மாட்டு வண்டில் வந்து நின்றது. இறங்கியவர் பத்து மைல் தள்ளியிருந்த கடலோர ஊரின் கிராமச் சங்கத் தலைவர். அவர்களுக்கும் ஒரு பிட்டி, அவர்களுக்கும் ஒரு கிணறு. என்னைக் கண்டதும் கும்பிட்டு, “இந்தியா ரீச்சர் நீங்கள்தானே? எங்கடை இடத்தை ஒருக்கால் வந்து பாக்க வேணும்” என்றார்.

“எனக்கு உங்க மண்ணு தெரியாது” என்றேன். “அவங்களைக் கூப்பிடுங்க.”

தங்கமலர் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். தலைவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தோளில் கிடந்த சால்வையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, “வாங்கோ அம்மா” என்று வண்டில் தட்டைத் துடைத்துவிட்டார். அவள் ஏறி உட்கார்ந்தாள். நகரத் தொடங்கிய வண்டிலிலிருந்து என்னைப் பார்த்துக் கூப்பிட்டுச் சொன்னாள்:

“பின்னேரம் மட்டும் என்ரை இடத்தைப் பாத்துக்கொள்ளுங்கோ அக்கா. வரிசையைத் தாண்டிப் போகாதையுங்கோ. அடுத்த முழத்துக்கு இன்னும் காலம் வரேல்லை.”

வண்டில் பிட்டியைச் சுற்றிக்கொண்டு மறைந்தது. பெண்கள் எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் சேலையைச் செருகிக்கொண்டு அவளுடைய இடத்தில் மண்டியிட்டேன். மாலையில் அவள் திரும்பும்போது எனக்குக் கொடுத்த வரிசையை முடித்திருந்தேன். தாண்டவில்லை.